பீரோ சாவி இடுப்பில் இருக்கக் கூடாது

"கத்துக்கிட்டதையெல்லாம் கொட்டிடாதே தம்பி. நாலு விஷயம் உன் கையிலேயே இருக்கட்டும். அப்பத்தான் உன்னை வேண்டாம்னு சொல்ல மாட்டாங்க."

மைசூரானாலும் சரி, பெங்களூர் ஸ்ரீராமபுரமானாலும் சரி, சாஃப்ட்வேர் கம்பெனியில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பிள்ளைக்கு நம்மவர் வீட்டில் கிடைக்கும் புத்திமதி பெரும்பாலும் இதுதான். சொல்லுகிற தகப்பனார் மில்லிலோ, ரெயில்வேயிலோ, ஏதோ ஓர் ஆபீசிலோ முப்பது வருஷம் உழைத்தவர். சும்மா சொல்லவில்லை, கண்ணால் பார்த்ததைத்தான் சொல்லுகிறார். அவர் ஆபீசில் ஒரு கிளார்க் இருந்திருப்பார். எந்த ஃபைல் எந்தக் கட்டில் கிடக்கிறது என்பது அவர் ஒருவருக்குத்தான் தெரியும். பீரோ சாவி அவர் இடுப்பில். அவர் லீவு போட்டால் செக்ஷனே லீவு. ஆபீசர்கூட அவரிடம் குரலை உயர்த்த மாட்டார். 'அவர் இல்லாவிட்டால் நடக்காது' என்ற பெயரோடு மாலை மரியாதையுடன் ஓய்வு பெற்றவர் அவர்.

அந்த மனிதரை முன்மாதிரியாக வைத்துப் பிள்ளையை சாஃப்ட்வேர் வேலைக்கு அனுப்பினால் பிள்ளைக்கும் கெடுதல், அது சேர்ந்து வேலை பார்க்கும் குழுவுக்கும் கெடுதல். ஏன் என்று பார்ப்போம்.

ஒரு பேரேடு, பத்துக் கை

கம்ப்யூட்டர் புரோகிராம் என்பது ஏதோ மந்திரம் அல்ல. வரிசை வரிசையாக எழுதப்பட்ட கட்டளைகள்தான். பெரிய புரோகிராம் என்றால் பல லட்சம் வரிகள். அதை ஒருவர் எழுதி முடிக்க முடியாது. மைசூரில் ஒருவர், சென்னையில் ஒருவர், அமெரிக்காவில் ஒருவர் என்று ஒரே சமயத்தில் ஒரே பேரேட்டில் கை வைக்கிறார்கள். ஒருவர் எழுதியதன் மேல் இன்னொருவர் எழுதிவிட்டால்? நேற்று சரியாக ஓடியது இன்று ஏன் ஓடவில்லை என்று யாரைக் கேட்பது?

இந்தத் தொல்லை ரெயில்வேக்காரர்களுக்குப் புதிதல்ல. கம்ப்யூட்டர் வருமுன் முன்பதிவு ஆபீசில் ரெயிலுக்கு ஒரு ரெஜிஸ்டர் இருந்தது. அந்த ரெஜிஸ்டர் எந்த ஜன்னலில் இருக்கிறதோ அங்கேதான் போய் நிற்கவேண்டும். பக்கத்து ஜன்னல் காலியாக இருந்தாலும் பிரயோசனமில்லை. ஒரு படுக்கையை இரண்டு பேருக்குக் கொடுத்துவிடக் கூடாதே! ஆகவே ஒரு ரெஜிஸ்டர், ஒரு கை. 1985-86-ல் டெல்லியில் கம்ப்யூட்டர் முன்பதிவு தொடங்கியது. பிறகு மும்பை, கல்கத்தா, சென்னை, செகந்திராபாத் என்று மையங்கள் வந்தன. ஆனால் அவை தனித்தனித் தீவுகளாக இருந்தன. ரெயில்வேயின் கம்ப்யூட்டர் நிறுவனமான 'கிரிஸ்' உருவாக்கிய 'கான்சர்ட்' என்ற சாஃப்ட்வேர் வந்து, 1999-ல் ஐந்து மையங்களும் ஒன்றாக இணைந்த பிறகுதான் எந்த ஊர் ஜன்னலிலும் எந்த ஊர் ரெயிலுக்கும் சீட்டு என்ற நிலை வந்தது. ரெஜிஸ்டர் ஒருவர் கையை விட்டுப் போனதால் ஜனங்களுக்கு லாபம். 'அவர் தயவு இருந்தால்தான் சீட்டு' என்று பெயர் வாங்கியிருந்த சிலருக்கு வேண்டுமானால் வருத்தம் இருந்திருக்கலாம்.

புரோகிராம் எழுதுகிறவர்களும் இதே வழியில்தான் நடந்து வந்திருக்கிறார்கள். 1972-ல் அமெரிக்காவில் பெல் ஆராய்ச்சிக்கூடத்தில் மார்க் ராச்கைண்ட் என்பவர் முதன்முதலாக இதற்கென்று ஒரு கருவி செய்தார். ஒவ்வொரு திருத்தமும் வரிசையாகப் பதிவாகும். பழைய நிலைக்குத் திரும்பிப் போகலாம். 1982-ல் பர்டியூ பல்கலைக்கழகத்தில் வால்ட்டர் டிக்கி என்பவர் செய்த கருவி, ஒற்றை ரெயில் பாதையின் டோக்கன் மாதிரி. பந்து போன்ற அந்த டோக்கன் டிரைவர் கையில் இருந்தால்தான் வண்டி அந்தப் பாதையில் நுழையலாம். எதிரே இன்னொரு வண்டி வராது. அதுபோல ஒருவர் ஒரு பக்கத்தைத் திருத்த எடுத்தால் பூட்டு விழும். அவர் திருப்பிக் கொடுக்கும் வரை மற்றவர் காத்திருக்கவேண்டும். விபத்து இல்லை. ஆனால் பூட்டியவர் சாப்பிடப் போய்விட்டால்?

இதற்கு விடை கண்டவர் ஆம்ஸ்டர்டாம் சுதந்திரப் பல்கலைக்கழக ஆசிரியர் டிக் குரூன். ஷிப்டு வேலை பார்க்கிறவர்களுக்கு அவர் கதை நன்றாகப் புரியும். அவரும் இரண்டு மாணவர்களும் சேர்ந்து ஒரு புரோகிராம் எழுதினார்கள். ஒரு மாணவர் காலை ஒன்பதுக்கு வந்து மாலை ஐந்துக்குப் போகிறவர். மற்றவர் வருவதற்கும் போவதற்கும் நேரம் காலம் கிடையாது. ஆசிரியருக்கோ மாலையில்தான் ஓய்வு. மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வதே அபூர்வம். பூட்டு முறை இவர்களுக்குச் சரிப்படுமா? ஆகவே அவரவர் தன் பிரதியில் எழுதட்டும், பிறகு மூன்றையும் சேர்த்துக்கொள்ளலாம், இரண்டு பேர் ஒரே வரியைத் தொட்டிருந்தால் மட்டும் நின்று பேசிக்கொள்ளலாம் என்று ஒரு முறை செய்தார். 1986-ல் அதை வெளியிட்டார்.

இன்று உலகமெங்கும் புழங்கும் 'கிட்' என்ற கருவி 2005 ஏப்ரலில் பிறந்தது. லினக்ஸைத் தொடங்கிய பின்லாந்துக்காரர் லினஸ் டோர்வால்ட்ஸ், அதுவரை இலவசமாகப் பயன்படுத்தி வந்த ஒரு கம்பெனியின் கருவி கைவிட்டுப் போனதும், சில நாட்களிலேயே இதை எழுதி ஓடவிட்டார். இதில் ஒரு விசேஷம் உண்டு. பேரேடு ஓரிடத்தில் மட்டும் இல்லை. ஒவ்வொருவரிடமும் முழுப் பேரேடும் முதல் நாளிலிருந்து உள்ள சரித்திரத்தோடு இருக்கிறது. மெயின் லைனில் கை வைக்காமல் தனிக் கிளைப்பாதை போட்டு வேலை செய்து, சரியாயிற்று என்ற பிறகு ஜங்ஷனில் கொண்டு வந்து சேர்க்கலாம். எழுதிய சில மாதங்களிலேயே, அதே 2005 ஜூலையில், டோர்வால்ட்ஸ் இந்தக் கருவியின் பொறுப்பை ஜூனியோ ஹமானோ என்ற ஜப்பானியரிடம் ஒப்படைத்துவிட்டார். 'இது நான் பெற்ற பிள்ளை, சாவி என்னிடமே இருக்கட்டும்' என்று அவர் நினைத்திருந்தால் அது இவ்வளவு வளர்ந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

"சரி செய்தது" என்றால் என்ன அர்த்தம்?

கருவி வந்துவிட்டது. ஆனால் கருவி பதிவு செய்வது யார், எப்போது, எந்த வரியை மாற்றினார் என்பதைத்தான். ஏன் மாற்றினார் என்பதை அந்த ஆள்தான் எழுதவேண்டும். அதற்கென்று இடம் விட்டு வைத்திருக்கிறார்கள். அந்த இடத்தில் பலர் எழுதுவது என்ன? "சரி செய்தது." "மறுபடி சரி செய்தது." "கடைசி." "உண்மையான கடைசி."

ஒரு ஃபைலில் இப்படிக் குறிப்பு எழுதி ஆபீசரிடம் நீட்டினால் முகத்தில் விட்டெறிவார். நம் கிளார்க்குகளுக்குக் குறிப்பு எழுதும் கலை நன்றாகத் தெரியும். விஷயம் என்ன, இதற்கு முன் எப்படி நடந்தது, இப்போது ஏன் மாற்றம், எந்தக் கடிதத்தின்படி. நாலே வரி. ஐந்து வருஷம் கழித்து எவரோ ஒருவர் அந்த ஃபைலைப் பிரித்தாலும் புரியவேண்டும். கணக்குப் புத்தகத்தில் தப்பு வந்தால் ரப்பர் வைத்து அழிக்கக் கூடாது. கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, சுருக்கொப்பம் இடவேண்டும் என்பதும் பழைய விதிதான். கிட்டிலும் முறையாகத் திருத்துகிறவர் பழைய பதிவை மறைப்பதில்லை. அதை ரத்து செய்து புதிய பதிவு ஒன்று போடுகிறார். தப்பும் இருக்கும், திருத்தமும் இருக்கும்.

ஆகவே, 'எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது, பிள்ளைக்கு நான் என்ன சொல்வது' என்று நினைக்கிற தகப்பனாரிடம் சொல்லிக் கொடுக்கச் சரக்கு இருக்கிறது. சாவியை முடிந்துகொள்ளும் வித்தையை விட்டுவிட்டு, குறிப்பு எழுதும் வித்தையைச் சொல்லிக் கொடுக்கலாம்.

அமெரிக்காவில் ஐ.பி.எம். கம்பெனியின் மிகப் பெரிய சாஃப்ட்வேர் வேலை ஒன்றுக்குத் தலைமை வகித்த ஃபிரெட் புரூக்ஸ் என்பவர் 1975-ல் ஒரு புத்தகம் எழுதினார். தாமதமாகிவிட்ட வேலையில் புது ஆட்களைச் சேர்த்தால் மேலும் தாமதமாகும் என்பது அதில் அவர் சொன்ன விஷயம். மண் வெட்டும் வேலையில் பத்து ஆள் கூடினால் சீக்கிரம் முடியும். இங்கே வந்த ஆளுக்குச் சொல்லிக் கொடுக்க, வேலை தெரிந்தவர் தன் வேலையை விட்டுவிட்டு உட்காரவேண்டும். அதிலும் ஒன்றுமே எழுதி வைக்கவில்லை என்றால் சொல்லிக் கொடுத்து மாளாது.

எட்டாவது மெஷின்

எழுதி வைக்காததாலும், இன்னொருவர் பார்க்காததாலும் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் நடந்தது ஒன்று போதும். நைட் கேப்பிட்டல் என்று பங்குச்சந்தைத் தரகுக் கம்பெனி. 2012 ஆகஸ்டு 1 அன்று புதிய புரோகிராம் ஒன்று ஓடத் தொடங்கவேண்டும். அதை எட்டு மெஷின்களில் ஏற்றவேண்டும். ஏற்றியவர் ஏழில் ஏற்றிவிட்டு எட்டாவதை விட்டுவிட்டார். அந்த எட்டாவதில் 2003-லிருந்து யாரும் பயன்படுத்தாத பழைய புரோகிராம் ஒன்று தூங்கிக்கொண்டிருந்தது. அதை எழுப்பும் சுவிட்சையே புதிய வேலைக்கும் வைத்திருந்தார்கள். சந்தை திறந்ததும் அது விழித்துக்கொண்டு கண்மண் தெரியாமல் வாங்கவும் விற்கவும் ஆரம்பித்தது. 45 நிமிடத்தில் 46 கோடி டாலருக்கு மேல் போயிற்று. பதற்றத்தில், சரியாக இருந்த ஏழு மெஷின்களிலிருந்தும் புதிய புரோகிராமை எடுத்தார்கள். அந்த ஏழும் எட்டாவதைப் போலவே ஆட ஆரம்பித்தன. அடுத்த வருஷமே கம்பெனி இன்னொன்றோடு சேர்ந்துவிட்டது.

அமெரிக்கப் பங்குச்சந்தைக் கண்காணிப்பு ஆணையம் 2013-ல் வெளியிட்ட உத்தரவில் இரண்டு விஷயங்கள் கவனிக்கத்தக்கவை. ஒருவர் ஏற்றியதை இன்னொருவர் சரிபார்க்கவேண்டும் என்று அங்கே எழுதப்பட்ட விதி இல்லை. இரண்டாவது, அன்று காலை சந்தை திறக்கும் முன்பே அந்த மெஷின் 97 மின்னஞ்சல்களில் கோளாறைச் சொல்லியிருக்கிறது. ஒருவரும் அதைப் பொருட்படுத்தவில்லை. அந்த மின்னஞ்சல் வந்தால் யார் எழுந்திருக்கவேண்டும் என்று யாருக்கும் வகுத்துக் கொடுக்கவில்லை.

நம் ஊர்ச் சின்ன ஸ்டேஷனில் இப்படி விடமாட்டார்கள். லைன் கிளியர் கொடுக்கும்போது ஒரு ஸ்டேஷன் மாஸ்டர் மற்றவருக்குப் பிரைவேட் நம்பர் சொல்கிறார். கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்கிறார். மணியோடு ரெஜிஸ்டரில் ஏறுகிறது. 'சொன்னேனே', 'கேட்கவில்லையே' என்ற பேச்சுக்கு இடமில்லை. இந்தச் சடங்கு இளைஞர்களுக்கு அலுப்பாகத் தோன்றும். இரண்டு வண்டி மோதிப் பார்த்தவர்கள் உண்டாக்கிய சடங்கு இது.

புரோகிராம் உலகிலும் இதே மாதிரி ஒன்று உண்டு. ஒருவர் எழுதியதை இன்னொருவர் படித்து ஒப்புக்கொண்ட பிறகே மெயின் லைனில் சேர்ப்பது. இதை நம் பிள்ளைகள் பலர் அவமானமாக எடுத்துக்கொள்கிறார்கள். 'என் வேலையில் நொட்டை சொல்ல அவன் யார்?' படிக்கிற சீனியரும் சில இடங்களில் வாத்தியார் பிரம்பை எடுத்தது போல் எழுதுகிறார். இரண்டும் தவறு. படிக்கிறவர் ஆளைப் பற்றி எழுதக் கூடாது, வரியைப் பற்றி எழுதவேண்டும். எழுதுகிறவர் ஐநூறு வரியை ஒரே மூட்டையாகக் கட்டி எதிராளி தலையில் போடக் கூடாது. மூட்டை பெரிதாக இருந்தால் பிரித்துப் பார்க்காமலே 'சரி' என்று முத்திரை குத்திவிடுவார்கள். ஐம்பது வரி என்றால் உண்மையிலேயே படிப்பார்கள்.

மூடி மறைக்காத கம்பெனி

தப்பு செய்யாத ஆள் இல்லை. செய்தபின் என்ன நடக்கிறது என்பதில்தான் குழுவின் யோக்கியதை தெரியும். கிட்லேப் என்ற கம்பெனி, பல குழுக்கள் தங்கள் புரோகிராம் பேரேடுகளை வைத்துப் பராமரிக்கும் இடம். 2017 ஜனவரி 31 இரவு, அதன் என்ஜினீயர் ஒருவர் கோளாறு ஒன்றைச் சரி செய்யப் போய், துணை மெஷினில் அழிக்கவேண்டியதைப் பிரதான மெஷினில் அழித்துவிட்டார். ஓரிரு விநாடியில் உணர்ந்து நிறுத்தினார். ஆனால் சுமார் 300 ஜிகாபைட்டில் 4.5 தான் மிச்சம். நகல் இருக்கிறதே என்று போய்ப் பார்த்தால், வைத்திருந்த ஏற்பாடுகளில் ஒன்றும் ஒழுங்காக வேலை செய்யவில்லை. நகல் எடுப்பது தோற்றுப்போகிறது என்று எச்சரிக்கும் கடிதங்களே வந்து சேராமல் இருந்திருக்கின்றன. வேறு காரியத்துக்காக ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்த ஒரு பிரதிதான் மானத்தைக் காப்பாற்றியது.

அதன்பின் அவர்கள் செய்ததுதான் விசேஷம். நடந்ததை நடக்க நடக்க ஊரறிய எழுதினார்கள். மீட்கும் வேலையை யூடியூபில் நேரடியாகக் காட்டினார்கள். பின்னால் வெளியிட்ட விரிவான அறிக்கையில் அந்த என்ஜினீயரை 'குழு உறுப்பினர் 1' என்றுதான் குறிப்பிட்டார்கள். ஒரு கை தவறினால் இவ்வளவும் அழிகிற மாதிரி ஏன் வைத்திருந்தோம், நகல் சரியாக இருக்கிறதா என்று சோதிக்கும் பொறுப்பு ஏன் யாரிடமும் இல்லை என்றுதான் கேட்டுக்கொண்டார்கள்.

இந்த இடத்தில் மேனேஜர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லவேண்டியிருக்கிறது. பிள்ளைகள் சாவியை ஒளிப்பதற்குப் பாதிக் காரணம் நீங்கள்தான். பேரேட்டைத் திறந்து, 'இந்த மாதம் நீ எத்தனை தடவை பதிந்தாய், அவன் எத்தனை தடவை பதிந்தான்' என்று எண்ணி மார்க் போட்டால், ஒரு வேலையை ஒன்பதாக உடைத்து ஒன்பது தடவை பதியத்தான் ஆள் கற்றுக்கொள்வான். தப்பு யாருடையது என்று தேடி அன்றே கழுத்தைப் பிடித்தால், அடுத்த தடவை தப்பு வெளியே வராது. கிராமத்திலிருந்து வந்து, தமிழ் மீடியத்தில் படித்து, இங்கிலீஷில் ஒரு கேள்வி கேட்கவே நாலு தடவை மனசுக்குள் ஒத்திகை பார்க்கிற பையன், பயந்தால் இரவு முழுவதும் விழித்திருந்து தனியாகத் தடுமாறுவானே தவிர, 'தெரியவில்லை' என்று குழுவில் எழுத மாட்டான்.

டீக்கடை முடிவு

நம்மவர்களுக்கென்றே சொல்லவேண்டிய விஷயம் ஒன்று உண்டு. மைசூர், பெங்களூர் கம்பெனிகளில் கன்னடம், தமிழ், தெலுங்கு, மலையாளம், இந்தி எல்லாம் ஒரே மேஜையில் இருக்கின்றன. டீ குடிக்கப் போகும்போது அவரவர் பாஷைக்காரர் கூட்டமாகப் போவது இயற்கை. ஆனால் டீக்கடையில் மூன்று தமிழர் நின்று, 'அதை அப்படியே மாத்திடலாம்டா' என்று முடிவு செய்துவிட்டுத் திரும்பினால், பக்கத்து நாற்காலிக் கன்னடக்காரருக்கு எப்படித் தெரியும்? நாலு இந்திக்காரர்கள் சேர்ந்து இதையே செய்யும்போது நம் பிள்ளை வீட்டுக்கு வந்து புலம்புகிறது. அதே வலி அவருக்கும் உண்டல்லவா?

டீக்கடையில் பேசுவதைத் தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டாம். திரும்பி வந்ததும், பேசி முடிவானதை எல்லோருக்கும் பொதுவான இடத்தில் இரண்டு வரி எழுதினால் போதும். தனியாக ஒருவர் காதில் கேட்கும் சந்தேகத்தைக் குழுவுக்குப் பொதுவாகக் கேட்டால், அதே சந்தேகத்தோடு வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கும் இன்னும் இரண்டு பேருக்கும் பதில் கிடைக்கும். இங்கிலீஷ் இலக்கண சுத்தமாக இருக்கவேண்டியதில்லை. கருவியின் அடிப்படையைத் தாய்மொழியில் விளங்கிக்கொள்ள விரும்புகிறவர்களுக்கு, 2012-ல் தொடங்கிய 'கணியம்' தமிழில் கம்ப்யூட்டர் கட்டுரைகளையும் நூல்களையும் இலவசமாகவே வெளியிட்டு வருகிறது.

"எல்லாவற்றையும் எழுதி வைத்துவிட்டால் நாளைக்கே ஆளை மாற்றிவிட மாட்டார்களா?" என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. பயம் பொய்யல்ல. ஆட்குறைப்பு என்று கம்பெனி முடிவு செய்தால், குறிப்பு எழுதியவரையும் அனுப்பும், எழுதாதவரையும் அனுப்பும். சாவியை வைத்திருந்ததற்காக நிறுத்திக்கொள்ளும் என்று நம்பி இருப்பது ஏமாற்றம். அடுத்த கம்பெனிக்குப் போகும்போதாவது, தெளிவாக எழுதத் தெரிந்தவர் என்ற பெயர் கூட வரும்.

மற்றபடி, சாவியை முடிந்துகொண்டவர் படும் பாட்டையும் பார்க்கவேண்டும். மதுரையில் தங்கைக்குக் கல்யாணம். பத்து நாள் லீவு கேட்டால், 'நீ இல்லாவிட்டால் யார் பார்ப்பது?' என்று மேனேஜர் இரண்டு நாளாகக் குறைக்கிறார். மைசூரிலிருந்து தூத்துக்குடி எக்ஸ்பிரசில் ஏறி உட்காரும்போதே மடியில் லேப்டாப். மறுநாள் மண்டபத்தில் கெட்டிமேளம் கொட்டுகிற நேரத்தில், அண்ணன்காரன் போனைக் காதில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று, அந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருக்கிறான்.